என்சைமை ஆத்துல ஊத்தாதீங்க, களிமண்ணுல கட்டுங்க

1/
ஓசூர், கிருஷ்ணகிரி மக்களுக்கும், தென்பெண்ணைத் தண்ணியை நம்பி இருக்கிற எல்லோருக்குமான நீண்ட இழை இது. கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கினா போதும், வாட்ஸப்பில் ஒரு வைத்தியம் சுத்த ஆரம்பிச்சிடும்: "பழத்தோலும் வெல்லமும் போட்டு மூணு மாசம் ஊறவெச்ச பயோ என்சைமை ஆத்துல ஊத்துங்க, ஆறு சுத்தமாயிடும்." நல்ல மனசோடதான் பகிர்றாங்க. ஆனா அது தப்பு. ஏன் தப்பு, அதே என்சைமை எங்கே வெச்சா உண்மையிலேயே வேலை செய்யும்னு ஒரு மருத்துவரா சொல்றேன். பொறுமையா படிங்க.

2/
முதல்ல என்சைம்னா என்ன? தமிழில் நொதி. அது கிருமி இல்லை, உயிர் இல்லை. ஒரு புரதம். ஒரு குறிப்பிட்ட வேதிவினையை வேகப்படுத்தும். வினை முடிஞ்சதும் தான் செலவாகாமல் அடுத்த வினைக்குப் போகும். சோற்றை நல்லா மென்னுக்கிட்டே இருந்தா இனிக்க ஆரம்பிக்குதே, அது எச்சிலில் உள்ள அமிலேஸ் மாவுச்சத்தை வெட்டுவதால். அதே அமிலேஸ் எண்ணெயைத் தொடாது, கறியைத் தொடாது. ஒரு பூட்டுக்கு ஒரு சாவி. ஆகவே "எல்லாத்தையும் சுத்தம் பண்ற என்சைம்" என்று யாராவது விற்றால், அந்த இடத்திலேயே உஷாராகிடுங்க.

3/
இரண்டாவது விஷயம். என்சைம் ரொம்ப நோஞ்சான். புரதம் ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் மடிந்திருந்தால்தான் வேலை செய்யும். சூடு, புளிப்பு, உப்பு, உலோகம் எது கூடினாலும் அந்த மடிப்பு குலையும். முட்டை வெந்ததும் வெள்ளைக்கரு கெட்டியாகுதே, அதுவும் புரதத்தின் மடிப்பு குலைவதுதான். திரும்பப் பழைய நிலைக்கு வராது. அதோட, ஆற்றில் இருக்கிற பாக்டீரியாவுக்குப் புரதம் என்றால் சாப்பாடு. நீங்க ஊற்றுகிற என்சைமை அவை தின்று தீர்த்துடும். மிச்சம் இருப்பது ஓட்டத்தோட சாத்தனூர் பக்கம் போயிடும்.

4/
இப்போ நுரைக்கு வருவோம். தென்பெண்ணை நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஒசகோட்டை வழியா வந்து, கொடியாளம் பக்கம் தமிழ்நாட்டுக்குள் நுழையுது. வழியில் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவு அதில் சேருது. அந்த நுரையின் முக்கியக் காரணம் சோப்புத்தூளில் உள்ள நுரைப்பான்கள். அவற்றைச் சிதைப்பது பாக்டீரியாக்கள். அதுக்கு ஆக்சிஜன் வேணும். சாக்கடையால் மூச்சு முட்டிப்போன ஏரியில் ஆக்சிஜன் ஏது? ஆகவே சிதையாமல் வந்து, மதகில் தண்ணி விழுந்து கலங்கும்போது பொங்குது. இந்த அணையை நம்பி சுமார் 8,000 ஏக்கர் பாசனம் இருக்கு.

5/
இதில் ஒரு வேடிக்கை பாருங்க. அந்த நுரையைக் கிளப்பும் சோப்புத்தூள் பலவற்றிலும் ஏற்கனவே என்சைம் இருக்கு! ரத்தக்கறை எடுக்க புரோட்டியேஸ், எண்ணெய்க்கறை எடுக்க லிப்பேஸ். பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தா எழுதியிருக்கும். பெருநகரத்தின் வீடுகளிலிருந்து தினமும் சாக்கடை வழியா என்சைம் இறங்கிக்கிட்டுதான் இருக்கு. ஆற்றில் என்சைம் கலப்பதால் நுரை அடங்கும்னா, கெலவரப்பள்ளி இந்நேரம் கண்ணாடி மாதிரி இருந்திருக்கணும்.

6/
சரி, அந்தப் பழத்தோல் கரைசலில் என்னதான் இருக்கு? வெல்லத்தைத் தின்று ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் உண்டாக்கும் சாராயம், பிறகு புளிப்பு அமிலங்கள். கிட்டத்தட்ட வீட்டு வினிகர். தரை துடைக்க, சிங்க் கழுவ நல்லாவே வேலை செய்யும், அதை மறுக்கலை. ஆனா அது அமிலத்தின் வேலை. (பிளீச்சிங் பவுடரோட மட்டும் கலந்துடாதீங்க, குளோரின் வாயு வரும்.) ஆற்றுக்குள் ஊற்றினால், அதில் மிஞ்சிய சர்க்கரையையும் அமிலத்தையும் தின்ன பாக்டீரியாக்கள் இருக்கிற கொஞ்சம் ஆக்சிஜனையும் உறிஞ்சும். மூச்சுத் திணறுகிற நோயாளியின் ஆக்சிஜன் குழாயில் கால் வைப்பது மாதிரி.

7/
"என்சைம்" என்ற சொல்லுக்கு நாம் மயங்குவது ஆற்றோட நிற்கலை. எங்க துறையிலும் இருக்கு. செரேஷியோபெப்டிடேஸ் கேள்விப்பட்டிருப்பீங்க. பல் பிடுங்கினா, கால் சுளுக்கினா வலி மாத்திரையோட சேர்ந்து வரும் "வீக்கம் குறைக்கும் என்சைம்". பட்டுப்புழுவின் குடலில் வாழும் பாக்டீரியாவிலிருந்து ஜப்பானில் எடுத்தது. பட்டுப்புழு இனங்களைப் பாதுகாக்கும் மத்திய பட்டு வாரியத்தின் மையமே ஓசூரில்தான் இருக்கு, அதனால உங்களுக்கு இந்தக் கதை பிடிக்கும்னு சொல்றேன். கதையின் முடிவு: பலனை நிரூபிக்க முடியாமல், ஜப்பானின் டகேடா நிறுவனம் 2011ல் இந்த மருந்தைத் தானாகவே விற்பனையிலிருந்து எடுத்துவிட்டது. இங்கே இன்னும் சீட்டுகளில் எழுதப்படுது.

8/
ஊற்றினால் வீண். விழுங்கினால் சந்தேகம். அப்போ என்சைமே ஏமாற்றா? இல்லை. என்சைம் மாதிரி துல்லியமான வேலைக்காரன் வேதியியலில் கிடையாது. ஆனா அவனுக்கு உட்கார ஒரு இடம் வேணும். 1916லேயே இது கண்ணில் பட்டது. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நெல்சன், கிரிஃபின் என்ற இருவர், சர்க்கரையை உடைக்கும் இன்வர்ட்டேஸ் என்சைமைக் கரித்தூளில் ஒட்டவைத்தார்கள். ஒட்டிய பிறகும் அது கரைசலில் இருந்த மாதிரியே சர்க்கரையை உடைத்தது. கரித்தூளை வடிகட்டி எடுக்கலாம். அதோட என்சைமும் வந்துடும். திரும்பப் பயன்படுத்தலாம். முழுத் தத்துவமும் இதுதான்.

9/
சொல்லப்போனா இயற்கை இதை நமக்கு முன்னாடியே கண்டுபிடிச்சிடுச்சு, அதுவும் உங்க வயலில். யூரியா போடுறீங்க. அதை அம்மோனியாவாக மாற்றுவது யூரியேஸ் என்ற என்சைம். அதை உண்டாக்கிய நுண்ணுயிர் செத்துப்போன பின்னாலும் அந்த யூரியேஸ் மண்ணில் நீடித்து நிற்குது. வெறும் தண்ணியில் சீக்கிரம் அழிந்துபோகும் ஒரு புரதம் மண்ணில் மட்டும் எப்படித் தாக்குப்பிடிக்குது? களிமண்ணும் மட்கும் அதைப் பிடித்து வைத்திருப்பதால். என்சைம் களிமண்ணில் எப்படி ஒட்டுது என்பதை 1950களிலேயே மெக்லாரன் போன்ற மண் விஞ்ஞானிகள் ஆராய்ந்துவிட்டார்கள்.

10/
களிமண்ணுக்கு ஏன் இந்தச் சக்தி? நுண்ணோக்கியில் பார்த்தால் களிமண் என்பது அப்பளக்கட்டு. ஒவ்வொரு அப்பளமும் சுமார் ஒரு நானோமீட்டர் தடிமன். பென்டோனைட்டில் உள்ள மான்ட்மோரில்லோனைட் என்ற கனிமத்தில் இந்த அடுக்குகள் தண்ணி பட்டதும் விரியும். உள்ளும் புறமும் சேர்த்தால் ஒரு கிராமுக்கு நூற்றுக்கணக்கான சதுர மீட்டர் பரப்பு. ஒரு சிட்டிகை களிமண்ணுக்குள் ஒரு கல்யாண மண்டபம் அளவுக்கு உட்கார இடம்! அதன் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் நேர்மின்னூட்டம் உள்ள புரதங்கள் போய் ஒட்டிக்கும். அந்தக் காலத்தில் வயிற்றுப்போக்குக்குக் கொடுத்த கயோலின் மருந்தும் ஒட்டவைக்கும் குணத்தை நம்பிய களிமண்தான்.

11/
கட்டுவதில் இரண்டு வகை இருக்கு. ஒண்ணு, சும்மா ஒட்டவைப்பது. மலிவு, சுலபம். ஆனா உப்போ அமிலத்தன்மையோ மாறினால் கழன்று வந்துடும். இன்னொண்ணு, வேதிப்பிணைப்பால் முடிச்சுப் போடுவது. களிமண்ணின் மேல் முதலில் ஒரு கொக்கி மாட்டி, குளூட்டரால்டிஹைடு என்ற பொருளால் என்சைமை அதில் இணைப்பார்கள். எண்டோஸ்கோப்பி கருவிகளைக் கிருமி நீக்கம் செய்ய மருத்துவமனைகளில் பயன்படும் அதே குளூட்டரால்டிஹைடுதான். கிருமியின் புரதங்களைப் பிணைத்துக் கொல்லும் அதே குணம், அளவாகப் பயன்படுத்தினால் என்சைமைக் களிமண்ணோட பிணைக்குது.

12/
இதெல்லாம் வெளிநாட்டுக் கதைன்னு நினைக்காதீங்க. பக்கத்து மாநிலத்தில், கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சஞ்சய், சுகுணன் இருவரும் 2005, 2006 வாக்கில் இதைச் செய்து ஆய்வுக்கட்டுரைகளாக வெளியிட்டார்கள். மான்ட்மோரில்லோனைட் களிமண்ணில் இன்வர்ட்டேஸ், குளூக்கோஅமிலேஸ் என்சைம்களைக் கட்டினார்கள். களிமண்ணில் கட்டிய இன்வர்ட்டேஸ் சூட்டையும் அமில-கார மாற்றத்தையும் கூடுதலாகத் தாங்கியது. குளூக்கோஅமிலேஸ் கட்டிய களிமண்ணை ஒரு குழாயில் நிரப்பி, மாவுச்சத்துக் கரைசலை அதன் வழியே ஓடவிட்டு உடைத்தார்கள். என்சைம் குழாயிலேயே இருக்கு, சரக்கு மட்டும் வெளியே வருது.

13/
இதை நம்ம ஊர் கண்ணோட பாருங்க. பக்கத்திலேயே சேலம், தர்மபுரி: மரவள்ளி, ஜவ்வரிசி, ஸ்டார்ச். கிருஷ்ணகிரி: மாம்பழக்கூழ் ஆலைகள். மரவள்ளி மாவை குளூக்கோஸாக்க குளூக்கோஅமிலேஸ் வேணும். பழக்கூழிலிருந்து தெளிந்த சாறு எடுக்க பெக்டினேஸ் வேணும். இப்போ வழக்கமான முறை, திரவ என்சைமைத் தொட்டியில் ஊற்றி, வேலை முடிந்ததும் சூடாக்கிச் சாகடிப்பது. ஒரு தடவை வேலைக்கு வாங்கி ஒரு தடவையோட தூக்கி எறிகிறோம். அதே என்சைமைக் களிமண்ணில் கட்டிப் பத்து சுற்று ஓட்ட முடிந்தால் ஒரு சுற்றுக்கு என்சைம் செலவு பத்தில் ஒரு பங்காகும். கட்டும் செலவு தனி. அந்தக் கணக்கை நம்ம ஆலைகளில் போட்டுப் பார்க்க வேண்டாமா?

14/
கட்டிய என்சைம் உங்க உயிரைத் தினமும் தொட்டுக்கிட்டிருக்கு. உதாரணம் அமாக்சிசிலின். அதன் அடிப்படைப் பொருள் பெனிசிலினிலிருந்து கிடைக்கும் 6-ஏபிஏ. முன்னாடி இதை எப்படிச் செய்தார்கள் தெரியுமா? மைனஸ் 40 டிகிரி குளிரில், டைகுளோரோமீத்தேன் கரைப்பானில், பாஸ்பரஸ் பென்டாகுளோரைடு போட்டு. ஒரு கிலோ சரக்கு எடுக்க ஒரு கிலோவுக்கும் மேல் அந்த பென்டாகுளோரைடு. மிஞ்சும் கழிவு எங்கே போயிருக்கும்னு நீங்களே யோசிங்க.

15/
இப்போ அதையே பெனிசிலின் அசிலேஸ் என்ற என்சைமை பிளாஸ்டிக் பிசின் மணிகளில் கட்டி, வெதுவெதுப்பான தண்ணியில், நம் உடம்புச் சூட்டை ஒட்டிய வெப்பத்தில் செய்கிறார்கள். ஒரே மணிகளை நூற்றுக்கணக்கான முறை பயன்படுத்துறாங்க. அதுக்கும் முன்னாடி, 1969ல், ஜப்பானின் தனாபே செய்யாக்கு நிறுவனத்தில் இச்சிரோ சிபாத்தா குழு கட்டிய அமினோஅசிலேஸை வைத்து அமினோ அமிலம் தயாரித்தது. கட்டிய என்சைம் தொழிற்சாலைக்குள் நுழைந்த முதல் சம்பவம் அது. என்சைமை ஆற்றில் விடாமல், கழிவு பிறக்கும் இடத்திலேயே வேலைக்கு வைத்தார்கள். ஆறு தப்பிப்பது அப்படித்தான்.

16/
இன்னொரு உதாரணம் உங்க இதயத்துக்கு. பழைய வனஸ்பதியில் டிரான்ஸ் கொழுப்பு இருந்தது, மாரடைப்புக்கு நேர் வழி. இந்தியாவில் 2022 ஜனவரியிலிருந்து எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. டிரான்ஸ் இல்லாமல் கெட்டிக் கொழுப்பு செய்யும் வழிகளில் ஒன்று, சிலிக்கா மணிகளில் கட்டிய லிப்பேஸ் என்சைம் வழியே எண்ணெயை ஓடவிடுவது. இந்த முறைக்கு அமெரிக்காவின் பசுமை வேதியியல் விருது 2005ல் கிடைத்தது. சிலிக்கா வேறு யாரும் இல்லை, களிமண்ணின் பங்காளி.

17/
மூணாவது உதாரணம் உங்க வீட்டு வாசலுக்கே வந்தது. "மக்களைத் தேடி மருத்துவம்" 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். வீடு வீடாக வரும் அந்த அக்கா விரலில் குத்தி ஒரு துளி ரத்தம் வைக்கிறாங்களே, அந்தப் பட்டையின் முனையில் காய்ந்து ஒட்டியிருப்பது சர்க்கரையை மட்டும் அடையாளம் காணும் என்சைம். 1962ல் லேலண்ட் கிளார்க் தொடங்கிவைத்த வழி அது. அந்தப் பட்டைப் பெட்டி வெயிலில் நிறுத்திய வண்டியின் டிக்கியில் கிடந்தால் அளவு தப்பும். தப்பான அளவு, தப்பான மாத்திரை. "என்சைமின் நிலைத்தன்மை" என்பது ஏதோ பாடப்புத்தகச் சொல் இல்லைங்க. அஞ்செட்டி மலையில் தனியா இருக்கும் ஒரு பாட்டி இன்னைக்கு எத்தனை மாத்திரை போடணும்ங்கிற கேள்வி அது.

18/
இப்போ மறுபக்கத்தையும் சொல்லணும், இல்லன்னா நானும் பொடி விற்கிற ஆள் ஆயிடுவேன். களிமண்ணில் கட்டினால் என்சைமின் வேகம் பெரும்பாலும் குறையும். சில என்சைம்கள் வேலை செய்யும் முகத்தைக் களிமண் பக்கம் திருப்பி உட்கார்ந்துடும். சரக்கு அடுக்குகளுக்குள் நுழைந்து வெளியே வர நேரமாகும். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கழன்று போகும். களிமண் பொடி நைசாக இருப்பதால் குழாயை அடைக்கும். தொழிற்சாலைகள் இன்னைக்கும் பெரும்பாலும் பிசின், சிலிக்கா மணிகளையே பயன்படுத்துவதற்கு இதெல்லாம் காரணம். களிமண்ணின் பலம் விலை. அந்தப் பலம் வேணும்னா இந்தக் குறைகளைத் தீர்க்கும் பொறியியல் வேணும்.

19/
"களிமண்ணில் கட்டிய லாக்கேஸ் சாயக்கழிவைச் சுத்தமாக்கும்" என்று ஏராளமான ஆய்வுக்கட்டுரைகள் வருது. படிங்க, ஆனா சோதனை எதில் நடந்ததுன்னு பாருங்க. பெரும்பாலும் சுத்தமான தண்ணியில் ஒரே ஒரு சாயத்தைக் கலந்து, குடுவைக்குள் நடந்திருக்கும். நிஜச் சாக்கடையில் சோப்பு, சல்ஃபைடு, உலோகம், புரதம் தின்னும் பாக்டீரியா எல்லாம் சேர்ந்து இருக்கு. குடுவையில் வென்ற என்சைம் அங்கே எத்தனை நாள் நிற்கும்? இதுக்குப் பதில் இல்லாமல் "கண்டுபிடிப்பு, நதிகளுக்கு விடிவு" என்று தலைப்புப் போடுவதும், பழத்தோல் கரைசலை ஊற்றச் சொல்வதும் ஒரே குடும்பம்தான். ஒண்ணு கோட்டு போட்டிருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம்.

20/
மருத்துவராக எனக்கு ரொம்ப முக்கியமான பகுதி இது: தொழிலாளி. என்சைம் தூள் மூச்சில் போனால் ஆஸ்துமா வரும். 1969ல் இங்கிலாந்தில் சோப்புத்தூள் ஆலைத் தொழிலாளர்களுக்கு என்சைம் தூளால் நுரையீரல் நோய் வந்ததை ஃபிளிண்ட் என்ற மருத்துவர் லான்செட் இதழில் எழுதினார். அதுக்கு அப்புறம்தான் என்சைமைப் பொடியா விடாமல், மேல்பூச்சு பூசிய குருணையாக மாற்றினார்கள். பப்பாளியிலிருந்து வரும் பப்பைன் தூளுக்கும் இதே ஆபத்து உண்டு. ஈரமான மணியில் கட்டிய என்சைம் காற்றில் பறக்காது. கட்டுவதால் முதலாளிக்குச் செலவு மிச்சம். தொழிலாளிக்கு மூச்சு மிச்சம்.

21/
அதே சமயம் களிமண்ணும் அப்பாவி இல்லை. உலர்ந்த பென்டோனைட் தூளில் குவார்ட்ஸ் கலந்திருக்கலாம். வருஷக்கணக்கில் மூச்சில் போனால் சிலிகோசிஸ். ஆகவே ஈரமாகவே கையாளணும், தூசி உறிஞ்சி வேணும், வெறும் துணி முகமூடி போதாது. சிப்காட்டில் வேலை செய்யும் தம்பி தங்கைகளுக்கு: லீவு நாளில் குறைந்து, வேலை நாளில் கூடும் இருமலும் இளைப்பும் இருந்தால், "நான் இந்தத் தூளில் வேலை செய்றேன்"னு டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லுங்க. டாக்டர் நண்பர்களுக்கு: அவங்க சொல்லலைன்னாலும் கேளுங்க.

22/
இப்போ எல்லைக்கோட்டு அரசியல். இந்தியாவின் என்சைம் தொழிலுக்கு ஓசூர் ரோடுதான் முகவரி. 1978ல் பெங்களூரில் தொடங்கிய பயோகான், பப்பாளிப் பாலிலிருந்து பப்பைன் எடுத்து விற்றுத்தான் வளர்ந்தது. 2007ல் தன் என்சைம் தொழிலை டென்மார்க்கின் நோவோசைம்ஸுக்கு 11.5 கோடி டாலருக்கு விற்றது. விற்பது அவர்கள் உரிமை, குறை சொல்லலை. என் கேள்வி இந்தப் பக்கத்துக்கு. அத்திப்பள்ளி தாண்டினால் ஓசூர். இங்கே பஸ், லாரி, பைக், வாட்ச் எல்லாம் வந்தது, இப்போ செல்போன் பாகமும் மின் ஸ்கூட்டரும் வந்திருக்கு. சந்தோஷம். பப்பாளியும் மாம்பழமும் மரவள்ளியும் விளையும் இந்த மண்டலத்தில், அதையெல்லாம் நம்பி ஒரு நொதித் தொழில் ஏன் திட்டத்திலேயே இல்லை?

23/
இது பெருமைப் பிரச்சினை இல்லை, மருந்துப் பிரச்சினை. இதே தென்பெண்ணை கடலில் சேர்வது கடலூர் பக்கம். அந்தக் கடலூரில் ஒரு காலத்தில் ஸ்பிக் நிறுவனத்தின் ஆலை பெனிசிலின்-ஜி தயாரித்தது. நாடு முழுக்க அப்படிப் பல ஆலைகள் இருந்தன. மலிவான சீன இறக்குமதி வந்ததும் ஒவ்வொண்ணா நின்றது. விளைவு? ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு கெட்ட பிள்ளைகளுக்கு 21 நாளுக்கு ஒருமுறை போட வேண்டிய பென்சத்தீன் பெனிசிலின் ஊசிக்கே நாட்டில் தட்டுப்பாடு வந்தது. அந்த ஊசியின் விலை குறைவு, அதனால் யாருக்கும் அக்கறை இல்லை. ஊசி தவறினால் வால்வு இன்னும் கெடும்.

24/
2020ல்தான் மத்திய அரசு விழித்து, மூலமருந்துகளுக்கு 6,940 கோடி ரூபாய் ஊக்கத்திட்டம் அறிவித்தது. 2024ல் காக்கிநாடா பக்கம் லைஃபியஸ் ஆலை பெனிசிலின்-ஜி தயாரிக்கத் தொடங்கியது. நல்ல செய்தி. ஆனால் பெனிசிலினிலிருந்து அமாக்சிசிலின் வரை போகும் வழியில் கட்டிய என்சைம் வேணும், அதைக் கட்ட மணி வேணும். மூலப்பொருள் வந்து, கருவி வரலைன்னா இன்னொரு வாசலில் போய்க் கையேந்தணும். நம்மகிட்ட களிமண்ணுக்குப் பஞ்சமா? கட்ச், பார்மரில் பென்டோனைட். கேரளத்தில் கயோலின். நம்ம நெய்வேலியில் நிலக்கரிக்கு மேல் வெள்ளைக் களிமண். இல்லாதது, ஆய்வகக் குடுவைக்கும் ஆலைத் தொட்டிக்கும் நடுவில் ஒரு பாலம்.

25/
இனிமே யாராவது "என்சைம்" என்று வந்தால், பஞ்சாயத்துத் தலைவரா இருந்தாலும் ஆலை மேலாளரா இருந்தாலும் மூணு கேள்வி கேளுங்க.
ஒண்ணு: எந்த என்சைம், அது எதை வெட்டும்? பெயர் சொல்லலைன்னா அனுப்பிடுங்க.
ரெண்டு: எங்க கழிவுத் தண்ணியில் போட்டு, எத்தனை நாள், எத்தனை சுற்று ஓடுச்சு? குடுவைக் கணக்கு வேண்டாம்.
மூணு: வேலை முடிஞ்சதும் அது எங்கே இருக்கும்? "தண்ணியோட போயிடும்"னா அது சிகிச்சை இல்லை, செலவு. "இதோ இந்தத் தொட்டியில், திரும்ப எடுத்துப்போம்"னா உட்கார வெச்சுப் பேசுங்க.

26/
நுரைக்கு என்ன வழி? கவர்ச்சியே இல்லாத பதில்தான். பெங்களூரின் சாக்கடை முழுசும் காற்றூட்டிச் சுத்திகரிக்கப்பட்ட பிறகே ஏரிக்குப் போகணும். கொடியாளத்தில் தண்ணியின் தரம் என்னன்னு தினமும் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடணும். அதோட ஓசூரின் சொந்த ஆலைகளையும் சொந்தச் சாக்கடையையும் அதே அளவுகோலில் அளக்கணும். எல்லைக்கு அந்தப் பக்கம் மட்டும் கைநீட்டினால், கிருஷ்ணகிரி அணைக்குக் கீழே இருக்கிறவங்க நம்மைப் பார்த்துக் கை நீட்டுவாங்க. இதில் எதுக்கும் என்சைம் பொடி மாற்று இல்லை.

27/
என்சைமுக்கு என்ன வழி? சிப்காட் பகுதியில் ஒரு பொது முன்னோட்ட ஆலை. அங்கே பல்கலைக்கழகத்தில் கட்டிய என்சைமை நிஜ மாம்பழக்கூழில், நிஜ மரவள்ளி மாவில் ஓட்டிப் பார்க்கணும். முடிவு தோல்வியானாலும் வெளியிடணும். தூசி அளவையும் தொழிலாளர் நுரையீரல் பரிசோதனையையும் முதல் நாளிலிருந்தே சேர்க்கணும். இதுக்கு ஆகும் பணம் ஒரு பெரிய ஆலைக்குக் கொடுக்கும் சலுகையோட ஒப்பிட்டால் சில்லறை. கேட்கத்தான் ஆளில்லை. கேட்போம்.

28/
அந்தப் பழத்தோல் வீடியோவை உங்களுக்கு அனுப்பினவங்க மேல கோபப்படாதீங்க. அவங்களுக்கு ஆத்து மேல அக்கறை இருக்கு, அது பெரிய விஷயம். இந்த இழையை அவங்களுக்கு அனுப்புங்க. கரைசலை வீட்டுத் தரைக்கு வெச்சுக்கட்டும். ஆத்துக்காக மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒரு மனு எழுதட்டும், கொடியாளத்து அளவு என்னன்னு கேட்டு. பத்துப் பேர் ஊத்துற பத்து குடத்தைவிட பத்துப் பேர் போடுற கையெழுத்துக்கு ஆற்றில் பலன் அதிகம்.

கேள்வி இருந்தா கீழே கேளுங்க, முடிஞ்சவரை பதில் சொல்றேன்.